பச்சையா சிவப்பா என்று தெரியாத கிரிப்டோனைட்: அமெரிக்க காமிக்ஸின் வெளிநாட்டு மறுபதிப்புகள்

1973 ஜூன் தேதியிட்ட ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ 121-ஆம் இதழில் க்வென் ஸ்டேசி செத்துப்போனாள். பீட்டர் பார்க்கரின் காதலியை ஆசிரியர் குழு கொன்றுவிட்டதே என்று அமெரிக்க வாசகர்கள் கொதித்தார்கள். மெக்சிகோ வாசகர்களுக்கு அந்தக் கொதிப்பு உடனே வரவில்லை. அங்கே க்வென் சாகாமல் பீட்டரோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓர் இதழின் அட்டையில் இருவரும் கல்யாணக் கோலத்தில்கூட நிற்கிறார்கள்.

இதற்குக் காரணம் ஒரு சாதாரணக் கணக்கு. மெக்சிகோவின் லா ப்ரென்சா நிறுவனம் 1963-இல் இருந்து ஸ்பைடர்மேனை ஸ்பானிஷில் வெளியிட்டு வந்தது. அமெரிக்காவில் மாதம் ஒரு கதைதான் வரும். மெக்சிகோவில் இதழ்கள் அதைவிட வேகமாக வெளிவந்தன. ஒரு கட்டத்தில் மொழிபெயர்க்கக் கதை இல்லை. அதனால் ஹோசே லூயிஸ் கொன்சாலேஸ் துரான் என்ற உள்ளூர் ஓவியரை வைத்துப் புதுக்கதைகளை வரையவைத்தார்கள். அப்படி வந்தவை நாற்பதுக்கும் மேல். அமெரிக்காவில் எந்த இதழிலும் இல்லாத ஸ்பைடர்மேன் கதைகள் அவை. பல பத்தாண்டுகள் யாரும் சீந்தாமல் கிடந்த அந்த மெக்சிகோ இதழ்களின் விலை சமீப ஆண்டுகளில்தான் ஏறியிருக்கிறது.

வெளிநாட்டு மறுபதிப்பு சேகரிக்கிறவர்கள் தேடுவது இந்த மாதிரி விஷயத்தைத்தான். அமெரிக்க மூல இதழில் என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பக்கம் பக்கமாகப் பட்டியலிட்டு முடித்துவிட்டார்கள். வேறொரு நாட்டு அச்சகத்தில் அதே கதை நுழைந்து வெளியே வரும்போது எது மாறியது, எது காணாமல் போனது, யார் கைவைத்தார்கள், எதற்காக வைத்தார்கள் என்பதில்தான் ஆர்வம் இருக்கிறது. அந்த மாற்றங்கள் பெரும்பாலும் ரசனையால் வந்தவை கிடையாது. டாலர் தட்டுப்பாடு, இறக்குமதித் தடை, தணிக்கைச் சட்டம், காகித விலை என்று காமிக்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களிலிருந்து வந்தவை.

டாலரில் இருந்து தொடங்கலாம். 1940-இல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் போரில் இருந்தன. ஆயுதமும் உணவும் வாங்கவே டாலர் போதாதபோது பத்து சென்ட் படக்கதைக்கு யார் டாலர் ஒதுக்குவார்கள்? அமெரிக்க காமிக்ஸ் இறக்குமதி நின்றது. கனடாவிலும் அந்த ஆண்டு டிசம்பரில் அந்நியச் செலாவணியைக் காக்கும் சட்டம் வந்து, காமிக்ஸ் எல்லையிலேயே நிறுத்தப்பட்டது. போர் முடிந்ததும் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தால், டாலர் பஞ்சம் அதற்குப் பிறகும் விடவில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கதவு திறக்க 1950-களின் கடைசி வரை ஆனது.

அச்சிட்ட புத்தகத்தைக் கொண்டுவரத்தான் தடை. கதையின் உரிமையையும் அச்சுக்கான நகலையும் வாங்கிவந்து உள்ளூரில் அச்சடித்தால் செலவாகும் டாலர் மிகச் சொற்பம். காகிதமும் கூலியும் உள்ளூர்ப் பணம். உலகம் முழுக்க மறுபதிப்புத் தொழில் முளைத்தது இந்தச் சந்தில்தான். சிட்னியின் கே. ஜி. மர்ரே நிறுவனம் 1947-இல் சூப்பர்மேனைத் தொடங்கியது. பேட்மேனும், இருவரையும் வெளியிட்ட அமெரிக்க நிறுவனமான டிசியின் மற்ற நாயகர்களும் பின்னாலேயே வந்தார்கள். இறக்குமதித் தடை நீங்கிய பிறகும் அந்த வரிசை 1980-கள் வரை ஓடியது. நூறு பக்கத் தொகுப்புகளும் அதில் அடக்கம்.

ஒரு மர்ரே இதழைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அட்டைக்கும் உள்ளுக்கும் உள்ள வித்தியாசம். அட்டை பளிச்சென்று வண்ணத்தில் இருக்கும். ஆரம்பக் காலத்துச் சில இதழ்களை விட்டுவிட்டால், உள்ளே நியூஸ்பிரிண்ட் என்ற மலிவான செய்தித்தாள் காகிதத்தில் கறுப்பு வெள்ளைதான். அமெரிக்க காமிக்ஸில் ஓவியர் முதலில் கறுப்பு மையில் கோட்டோவியத்தை முடிப்பார். வண்ணம் அதற்குப் பிறகு தனித் தகடுகளில் புள்ளி புள்ளியாக ஏறும். மறுபதிப்புக்காரர்களுக்கு அந்தக் கறுப்புக் கோடு மட்டும் போதும். செலவு மிச்சம். ஆனால் பல கதைகளே வண்ணத்தை நம்பி எழுதப்பட்டவை ஆயிற்றே! பச்சை கிரிப்டோனைட் சூப்பர்மேனைக் கொல்லும், சிவப்பு கிரிப்டோனைட் விசித்திரமாக உருமாற்றும். மர்ரே இதழில் இரண்டும் ஒரே வெள்ளைக் கல். யாராவது வசனத்தில் சொன்னால்தான் எந்தக் கல் என்று தெரியும். கிரீன் லாண்டர்ன் பாடு இன்னும் மோசம். அவருடைய மோதிரம் மஞ்சள் நிறப் பொருளிடம் தோற்கும். மஞ்சளே இல்லாத பக்கத்தில் அவர் எதைப் பார்த்துத் திணறுகிறார் என்று ஆஸ்திரேலியச் சிறுவர்கள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நீல வண்ணம் பூசி இரவாக்கிய காட்சிகள் இங்கே பட்டப்பகலாகத் தெரியும்.

இவ்வளவு சொன்னாலும், இந்த விஷயத்தில் நான் கறுப்பு வெள்ளைக் கட்சி. அந்தக் கால அமெரிக்க அச்சில் வண்ணம் கோட்டை விட்டு வழியும். மெல்லிய கோடுகள் அதில் அமுங்கிப்போகும். ஸ்பைடர்மேனை முதலில் வரைந்த ஸ்டீவ் டிட்கோவின் விரல்களையும் நிழல்களையும் பார்க்க வேண்டுமென்றால் வண்ணம் பூசாத மறுபதிப்புதான் சரி. முத்து, லயன் என்ற தமிழ் காமிக்ஸ் இதழ்களைக் கறுப்பு வெள்ளையில் படித்து வளர்ந்த நம் ஆட்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரேலியாவின் இன்னொரு கதை குறுகியது. பத்திரிகையாளர் மேக்ஸ்வெல் நியூட்டன் 1975-இல், ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வல் நிறுவனத்தின் கதைகளை நியூட்டன் காமிக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே கடை மூடியாயிற்று. போஸ்டர், சேகரிப்பு அட்டை என்று இனாம்களும் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் அட்டைகளை வெட்டி எடுத்துக்கொண்டார்கள், போஸ்டரைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். குறைந்த காலம் வந்தது, முழுசாக மிஞ்சியது இன்னும் குறைவு என்பதால் ஆஸ்திரேலியச் சேகரிப்பாளர்களிடம் இதற்கென்று ஒரு தனிக்கூட்டம் இருக்கிறது.

கனடாவில் டாலரோடு ஒழுக்கமும் சேர்ந்துகொண்டது. 1949-இல் டேவி ஃபுல்டன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் குற்றக் கதை காமிக்ஸைக் குற்றவியல் சட்டத்துக்குள் இழுத்துவிட்டது. டொரண்டோவின் சுப்பீரியர் நிறுவனம் அப்போது அமெரிக்காவின் ஈசி நிறுவனக் கதைகளைக் கனடாவுக்கு அச்சிட்டுக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று ‘கிரைம் சஸ்பென்ஸ்டோரிஸ்’. பெயரிலேயே கிரைம். கனடாப் பதிப்பில் அது ‘வியர்ட் சஸ்பென்ஸ்டோரிஸ்’ ஆகிவிட்டது. மூன்றே இதழ்கள். ஈசி இதழ்களுக்கு உலகம் முழுக்க ஆள் உண்டு என்பதால் இந்தப் பெயர் மாறிய மூன்றும் பட்டியல்களில் தனியாக நிற்கும்.

பிரிட்டனின் கதையில் ஒரு மறுபதிப்பு நாயகன் புது ஆளாகவே மாறினான். லண்டனில் எல். மில்லர் அண்ட் சன் நிறுவனம், அமெரிக்காவின் ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வலை மறுபதிப்பு செய்து நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. கேப்டன் மார்வல் சூப்பர்மேனின் நகல் என்று டிசி தரப்பு தொடுத்த வழக்கு பத்தாண்டுக்கு மேல் இழுத்து, 1953-இல் ஃபாசெட் சமரசம் செய்துகொண்டு காமிக்ஸையே நிறுத்தியது. நியூயார்க் நீதிமன்ற விவகாரத்தில் லண்டன்காரரின் பிழைப்பு போயிற்று. வாசகர்களை விட மனமில்லாத மில்லர், மிக் ஆங்லோ என்பவரிடம் மாற்று ஏற்பாடு கேட்டார். 1954-இல் மார்வல்மேன் பிறந்தான். முடி நிறத்தையும் உடையையும் மாற்றினார்கள், மந்திரச் சொல்லை மாற்றினார்கள், மற்றபடி பழைய கதையேதான். இதழ் எண்ணைக்கூட விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்கள். 1982-இல் எழுத்தாளர் ஆலன் மூர் அதே மார்வல்மேனை எடுத்து வேறு தளத்துக்குக் கொண்டுபோனார். கேப்டன் மார்வலின் கடைசி மில்லர் இதழையும் மார்வல்மேனின் முதல் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது பிரிட்டிஷ் சேகரிப்பாளர்களுக்குப் பெருமை.

அதே பிரிட்டனில் ஆலன் கிளாஸ் என்பவரின் இதழ்கள் 1959 முதல் 1989 வரை வந்தன. ‘க்ரீப்பி வேர்ல்ட்ஸ்’, ‘சினிஸ்டர் டேல்ஸ்’, ‘அன்கேனி டேல்ஸ்’ என்று பெயர்கள் எல்லாம் ஒரே ஜாதி. உள்ளடக்கம் கதம்பம். அமெரிக்காவில் ஒன்றுக்கொன்று போட்டியாக இருந்த மார்வல், சார்ல்டன், ஏசிஜி நிறுவனங்களின் கதைகளை ஒரே அட்டைக்குள் சேர்த்துவைத்தார்கள். ஒரு பேய்க்கதை, ஒரு விண்வெளிக் கதை, நடுவில் திடீரென்று ஒரு மார்வல் சூப்பர் ஹீரோ. ஒரே கதை சில ஆண்டுகள் கழித்து வேறு பெயர் கொண்ட இதழில் மறுபடியும் வரும். எதிலும் தேதி கிடையாது. பழசானால் கடைக்காரர் தூக்கி எறிந்துவிடக் கூடாது என்றால் தேதி போடாமல் இருப்பதே வசதி!

அதனால் சேகரிப்பவர்கள் தேதியை வேறு வழியில் பிடிக்கிறார்கள். அட்டையின் விலைதான் முதல் துப்பு. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15 அன்று பழைய ஷில்லிங், பென்ஸ் கணக்கை விட்டுத் தசம நாணயத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியா அதற்கு முன்பே, 1966 பிப்ரவரி 14 அன்று, ஷில்லிங்கை விட்டு டாலர், சென்ட்டுக்குப் போனது. விலை ஷில்லிங்கில் இருந்தால் மாற்றத்துக்கு முந்தியது, சென்ட்டிலோ புதிய பென்ஸிலோ இருந்தால் பிந்தியது. அப்புறம் பின்னட்டை விளம்பரம், வெளியீட்டாளர் முகவரி, மூலக்கதை அமெரிக்காவில் வந்த மாதம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்தி வட்டத்தைச் சுருக்குவார்கள். மூலக்கதைக்கு முந்தி மறுபதிப்பு வர முடியாதே, அது ஒரு எல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பென்ஸ் விலை போட்ட மார்வல் இதழ் எல்லாம் பிரிட்டிஷ் மறுபதிப்பு கிடையாது. 1960-இல் இருந்து மார்வல், பிரிட்டனுக்கான பிரதிகளை அமெரிக்க அச்சகத்திலேயே, அதே ஓட்டத்தில், விலையை மட்டும் மாற்றி அச்சடித்தது. அது முதல் பதிப்பின் விலை வேறுபாடு; மறுபதிப்புக் கணக்கில் வராது. லெஸ்டரைச் சேர்ந்த தோர்ப் அண்ட் போர்ட்டர் விநியோகஸ்தர்கள் டிசி இதழ்கள் மேல் மையால் முத்திரை குத்தி விற்றதும் அப்படித்தான். முத்திரை இருந்தாலும் புத்தகம் அமெரிக்கப் புத்தகமே. விற்கிறவர்களில் பாதிப் பேர் இதைத் தெரியாமலும் மீதிப் பேர் தெரிந்தும் குழப்புகிறார்கள்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் பணம் தடையாக இருந்தது என்றால், ஐரோப்பாவில் கத்தரிக்கோல். பிரான்ஸில் 1949 ஜூலை 16 சட்டம், சிறுவர் இதழ்களைக் கண்காணிக்க ஒரு ஆணையத்தை உருவாக்கியது. லியோன் நகரின் லுக் நிறுவனம் 1969-இல் ‘ஃபாண்டாஸ்க்’ என்ற இதழில் மார்வல் நாயகர்களை வண்ணத்தில் இறக்கியது. ஆணையம் முறைத்தது. ஏழாவது இதழோடு ‘ஃபாண்டாஸ்க்’ நின்றது. அடுத்து வந்த ‘மார்வல்’ இதழுக்கும் பதின்மூன்று இதழ்தான் ஆயுசு. 1970 ஜனவரியில் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்ச்’ மட்டும் பிழைத்து 1990-களிலும் வந்துகொண்டிருந்தது.

பிழைத்ததற்கு ஒரு விலை கொடுத்தார்கள். லுக் அலுவலகத்தில் படங்களைத் திருத்துவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். பெரிய எழுத்தில் வரும் ‘டமால்’, ‘படார்’ சத்தங்களை அழித்தார்கள். அடியின் வேகத்தைக் காட்டும் கோடுகளைத் துடைத்தார்கள். கோரமான முகத்தைச் சாந்தமாக்கினார்கள். அமெரிக்க மூலத்தையும் ‘ஸ்ட்ரேஞ்ச்’ பக்கத்தையும் அருகருகே வைத்தால், குத்து விழுகிற கட்டத்தில் ஒருவன் காரணமே இல்லாமல் பின்னால் பறந்துகொண்டிருப்பான். சத்தம் இருந்த இடம் வெறும் வானம். அச்சில் வந்த தணிக்கைக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கஷ்டம். அந்தத் திருத்தங்களுக்காகவே லுக் இதழ்களை வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் திருத்தங்களாலேயே தொடாதவர்களும் உண்டு.

லுக் இதழ் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். விற்காமல் திரும்பிவந்த இதழ்களை அந்த நிறுவனம் மும்மூன்றாகச் சேர்த்துப் புது அட்டை போட்டு மறுபடி கடைக்கு அனுப்பும். கடையில் தனியாக விற்ற பிரதிக்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே சிலர் தொகுப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் இதழைத் தனி இதழாக விற்கப் பார்ப்பார்கள். முதுகில் காய்ந்த பசைத் தடம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

இத்தாலியில் சூப்பர்மேன் 1950-களிலும் 60-களின் நடுப்பகுதி வரையிலும் ‘நெம்போ கிட்’ என்ற பெயரில் வாழ்ந்தார். மார்பிலிருந்த எஸ் எழுத்தையும் அழித்துவிட்டார்கள். ஸ்பெயினில் வெர்திசே நிறுவனம் 1969 முதல் மார்வல் கதைகளைக் கையடக்க அளவில் குறுக்கி, கட்டங்களை வெட்டி ஒட்டி, கறுப்பு வெள்ளையில் விற்றது. உள்ளே அந்த அலங்கோலம், வெளியே லோபெஸ் எஸ்பி வரைந்த பிரமாதமான வண்ண அட்டை. அட்டைக்காகவே வாங்குகிறார்கள். பிரேசிலில் ஈபால் நிறுவனம் 1967-இல் மார்வல் நாயகர்களை அறிமுகப்படுத்தியபோது ஷெல் பெட்ரோல் பங்குகள் வழியாக இலவச இதழ்களைக் கொடுத்தது. இனாமாக வந்ததை யார் பத்திரப்படுத்துவார்கள்?

நம் பக்கத்துச் சரக்குக்கும் வெளியே ஆள் இருக்கிறது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கி 1990 வரை நடத்திய இந்திரஜால் காமிக்ஸ், லீ ஃபாக் படைத்த முகமூடி நாயகன் ஃபேண்டமை ஆங்கிலத்திலும் தமிழ் உட்பட இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தது. மூலம் அமெரிக்கச் செய்தித்தாள் தொடர் என்பதால் காமிக் புத்தக மறுபதிப்பு என்ற வரையறைக்குள் இது முழுசாக அடங்காது. ஆனாலும் மாற்றங்கள் அதே வகை. ஃபேண்டம் வாழும் பெங்கல்லா, வங்காளத்தை நினைவூட்டாதபடி டெங்காலி ஆனது. சிங் கடற்கொள்ளையர் கூட்டத்தின் பெயரும் சிங்கா ஆனது. ஃபேண்டம் ரசிகர்கள் அதிகம் இருப்பது அமெரிக்காவில் இல்லை. 1948 முதல் ஃப்ரூ நிறுவனம் அவனை வெளியிட்டுவரும் ஆஸ்திரேலியாவிலும், ஸ்வீடனிலும்தான். ஆரம்பகால இந்திரஜால் இதழ்களை அங்கிருந்தும் தேடுகிறார்கள். நம் ஊரில் அவை எடைக்குப் போய்ப் பொட்டலம் மடிக்கப் பயன்பட்டுத் தீர்ந்தன என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது!

சரி, அரிது என்றால் விலை அதிகமா? இல்லை. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். 2024-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதைவிடக் குறைவான பிரதிகள் மிஞ்சியிருக்கக்கூடிய வெளிநாட்டு இதழ்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அதில் நூறில் ஒரு பங்கு விலைகூட வராது. பிரதி குறைவு என்பது பாதிக் கணக்கு, கேட்கிற ஆள் எத்தனை என்பது மீதிக் கணக்கு. தேடுகிறவர் பத்துப் பேர், இருப்பது ஐந்து பிரதி என்றால் விலை ஏறும். தேடுகிறவரே மூன்று பேர் என்றால், ஒரே பிரதிதான் உலகில் இருந்தாலும் அது ஒரு மதியச் சாப்பாட்டு விலைக்குப் போகலாம். மெக்சிகோ க்வென் இதழ்களுக்கு ஆன மாற்றம் இதுதான். பிரதிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்க, கேட்கிறவர்கள் பெருகினார்கள்.

எத்தனை பிரதி அச்சானது என்று தெரிந்துகொள்வதும் சுலபம் இல்லை. அமெரிக்காவில் சலுகைத் தபாலில் போகும் இதழ்கள் ஆண்டுக்கு ஒருமுறை சராசரி விற்பனையை அச்சிட வேண்டும் என்ற விதி 1960-இல் இருந்து காமிக்ஸுக்கும் பொருந்தியது. அதனால் ஓரளவு கணக்கு கைவசம் இருக்கிறது. மர்ரேவுக்கோ ஆலன் கிளாஸுக்கோ அப்படி இதழுக்குள்ளேயே பதிவான கணக்கு கிடையாது. ‘மிக மிக அரிது’ என்று விற்பவர் எழுதினால், அவர் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. நடுப்பக்கத் தாள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிப் பின் துருப்பிடித்துக் கழன்று, அந்த ஒரு தாள் தொலைந்த பிரதிகள் ஏராளம். கூப்பன், சேகரிப்பு அட்டை, போஸ்டர் வெட்டப்பட்டதா என்று பாருங்கள். பழைய நியூஸ்பிரிண்ட் சீராக ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பழுப்பேறும். புத்தகம் முழுக்க ஒரே மாதிரித் தேநீர் நிறத்தில் இருந்தால், யாராவது வேண்டுமென்றே பழசாக்கியதோ என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு பிள்ளை பேனாவால் தன் பெயரை எழுதியிருந்தால் அமெரிக்க இதழ் என்றால் மதிப்பு சரியும்; தரம் பிரிக்கும் நிறுவனங்களின் பத்துப் புள்ளி அளவுகோல் வெளிநாட்டு இதழையும் அப்படித்தான் நடத்தும். ஆனால் இந்த வட்டத்தில் பலர் அதைக் கண்டுகொள்வதில்லை. இருக்கிற நாலு பிரதியில் ஒன்று கிடைக்கும்போது பேனா எழுத்தைப் பார்த்து ஒதுக்கினால், அடுத்தது எப்போது வருமோ தெரியாது.

ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு அதில் ஆழமாகப் போவது நல்லது என்பது என் எண்ணம். ஒரே கதையின் பத்து நாட்டுப் பதிப்புகளைச் சேர்க்கிறவர்களும் உண்டு, பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் நாணயம் மாறிய தேதி, சட்டம், அச்சக வழக்கம், போலிக்காரர்களின் தந்திரம் எல்லாம் வேறு வேறு. மர்ரே இதழின் அட்டையில் இருக்கும் விலையைப் பார்த்ததும் ஆண்டைச் சொல்லத் தெரிந்தவருக்கு லுக் தொகுப்பின் பசைத் தடம் கண்ணில் படாமல் போகும். விற்பவருக்கு அது தெரியும்.